ஆணை முடிந்த பிறகு

மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறியது. 1996 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்குள் விழும் அடி குடும்ப விவகாரம் அல்ல, குற்றம் என்று நாட்டை ஒப்புக்கொள்ள வைக்கப் பெண்கள் அமைப்புகள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2012இல் மனத்தைச் சிதைக்கும் கொடுமையும் சட்டத்தின் வரையறைக்குள் வந்தது. 2017இல் செய்த திருத்தத்தால், சமூகநல அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடிகிறது. போலீஸ் விசாரணை முடியும்வரை இடைக்கால ஆணை உண்டு. நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணை 12 மாதம் நிற்கும். இன்னும் 12 மாதம் வரை நீட்டிக்கலாம். இவை பெரிய வெற்றிகள், அதில் ஐயமில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகள் அடிபட்டு வாழ்ந்த ஒருத்திக்கு, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளில் அந்த வாழ்க்கை முடிந்துபோவதில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்வது, தன் சம்பளத்தில் ஒரு சேலை வாங்கவும் யாரிடமோ அனுமதி கேட்கத் தோன்றுவது, எல்லாம் நம் தப்பாகவே இருக்குமோ என்று நடு இரவில் விழித்துக்கொள்வது, இவற்றுக்கு எந்த ஆணையிலும் இடமில்லை. சட்டம் கைவிடும் அந்த இடத்தில் அவளைத் தாங்கக்கூடியவர்கள் அதே துன்பத்தைக் கடந்து வந்த மற்றப் பெண்களே என்பது என் வாதம்.

ஏன் அவர்கள்? கொடுமைக்காரன் பெரும்பாலும் முதலில் கை ஓங்குவதில்லை. முதலில் ஆளைத் தனிமைப்படுத்துகிறான். தாய்வீட்டுப் போக்குவரத்து குறைகிறது, தோழிகள் விலகுகிறார்கள், கைப்பேசி சோதிக்கப்படுகிறது, சம்பளம் பறிபோகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில், இப்படிப்பட்ட காயம் தனிமையில் ஆறாது, பிற மனிதர்களுடனான உறவில்தான் ஆறும் என்று எழுதினார். அரசு அதிகாரியும் ஆலோசகரும் உதவலாம். ஆனால், “அப்பா எப்ப வருவாரு?” என்று பிள்ளை கேட்கும்போது என்ன சொல்வது, விவாகரத்துக்கு முன் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழு முன்னால் நிற்க வேண்டி வந்தால் எப்படி நிற்பது, இத்தனைக்கும் பிறகு அவனை நினைத்து ஏன் அழுகை வருகிறது என்பதையெல்லாம் அந்த வழியில் நடந்தவளிடம்தான் கூச்சமில்லாமல் கேட்க முடியும். கடைசிக் கேள்விக்கு, “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு அக்கா” என்று ஒரு பதில் வந்தால் பாதி வெட்கம் அங்கேயே கழன்றுவிடும்.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆய்வாளர்கள் கிரிஸ் சல்லிவனும் டெபோரா பைபியும், அடைக்கல இல்லத்திலிருந்து வெளியேறிய 278 பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும், பயிற்சி பெற்ற மாணவிகள் 10 வாரம் துணையாக நின்று வீடு, வேலை, வழக்கு எனத் தேவையானதற்கெல்லாம் கூட அலைந்தார்கள். 1999இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளும் ஓர் அடிகூடப் படாமல் கழித்தவர்களின் விகிதம் துணை கிடைத்தவர்களிடையே மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல். 2005இல் அதே ஆய்வாளர்கள் வெளியிட்ட அடுத்த ஆய்வைத்தான் நான் அதிகம் பொருட்படுத்துகிறேன். மூன்றாம் ஆண்டில், வன்முறையைத் தடுப்பதில் அந்தப் பத்து வார உதவிக்கு இருந்த பலன் மங்கிவிட்டது. அப்போது பெண்களைக் காத்தவற்றுள் வேலையோடு இன்னொன்றும் இருந்தது: மனம்விட்டுப் பேசவும் நடைமுறையில் கைகொடுக்கவும் கூடிய மனிதர்கள் பக்கத்தில் இருப்பது. குறுகிய காலத் திட்டம் தேய்ந்துபோகிறது, பழகிய மனிதர்கள் மிஞ்சுகிறார்கள்.

ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில், கேமரன் மலைக்குப் பாதை பிரியும் சிம்பாங் பூலாய் போன்ற ஊர்களில் இப்படிப்பட்ட துணைக்கு வேறொரு கனமும் உண்டு. ரப்பர் தோட்டக் காலத்தில் லயத்து வீடுகளுக்கு இடையே ஒரு பலகைச் சுவர்தான். அடி விழுந்தால் வரிசைக்கே கேட்கும். கேட்டவர்கள் கதவைத் தட்டியதும் உண்டு. விடிந்ததும் பெரியவர்கள் கூடி, “அனுசரிச்சுப் போம்மா” என்று அவளையே திருப்பி அனுப்பியதும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் விடிகாலையில் ஒன்றாகப் பால்மரம் வெட்டப் போன பெண்களுக்கு ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரிந்திருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது அந்தக் குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறின. செங்கல் சுவர் சத்தத்தை வெளியே விடாது. பழைய அண்டை அயல் கலைந்த இடத்தில் புதியது தானாக முளைத்துவிடவில்லை. அதை, அடிபட்டு மீண்ட பெண்கள் கூடிப் பேசும் சிறு குழுக்களாக நாம்தான் உருவாக்க வேண்டும்.

“சின்ன ஊர், நாலு பேர் உட்கார்ந்தால் மறுநாள் ஊரே பேசும்” என்று அஞ்சுபவர்களின் அச்சம் நியாயமானது. குழுவைக் கெடுக்கக்கூடியதும், ஓர் உயிருக்கே ஆபத்தாகக்கூடியதும் அந்த ஊர்ப்பேச்சுதான். அதனால் சந்திப்பு அதே ஊரில் வேண்டாம். கோயில் மண்டபமும் தமிழ்ப்பள்ளியும் வேண்டாம். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் உறவு. ஈப்போவில், தையல் வகுப்பு என்றோ சமையல் வகுப்பு என்றோ வெளியே சொல்லிக்கொண்டு போகக்கூடிய ஓர் அறை போதும். இன்னொருத்தியின் கதையை வெளியே சொல்வதில்லை என்பது நுழையும்போதே வாங்கப்படும் உறுதியாக இருக்க வேண்டும். பழசைக் கிளறினால் புண் ஆறுமா என்று கேட்பவர்களுக்கு: நல்ல குழுவில் கதையை முழுதாகச் சொல் என்று யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. பாதி நேரம் வாடகை, பள்ளி, ஜீவனாம்சம் பற்றிய பேச்சுதான். பயிற்சியில்லாதவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்பது பாதி உண்மை. தற்கொலை எண்ணம் உள்ளவளை, இன்னும் பின்தொடரப்படுகிறவளை, அடையாளம் கண்டு மருத்துவமனைக்கோ போலீசுக்கோ அனுப்பத் தெரிந்த ஒருவர் பின்னால் நிற்கவே வேண்டும். அப்படி ஒருவர் நின்றால் என்ன முடியும் என்பதை ஸிம்பாப்வே காட்டியது. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயில் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவ நிலையத்து மர பெஞ்சில் அமர்ந்து மனச்சோர்வுற்றவர்களின் பேச்சைக் கேட்டார்கள். பிறகு அவர்களை, ஒன்றுகூடிப் பை பின்னியபடி பேசும் குழுக்களில் சேர்த்துவிட்டார்கள். 2016இல் வெளியான ஆய்வு, ஆறு மாதத்தில் அவர்களின் மனச்சோர்வு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்ததைப் பதிவு செய்தது.

குடும்பத்தைப் பிரிக்கிறார்கள் என்ற பழிச்சொல்லுக்கு ஒரு வரி போதும்: இந்தக் குழுவுக்கு வருகிறவளின் குடும்பத்தை அடி ஏற்கெனவே பிரித்துவிட்டது.

2003இல் ஈப்போவில் உருவான ‘பெராக் பெண்களுக்கான பெண்கள் சங்கம்’ போன்ற அமைப்புகள் ஆலோசனையும் துணையும் தருகின்றன. ஆபத்து நேரத்துக்கு 15999 என்ற தாலியான் காசே உதவி எண் இருக்கிறது. இவற்றைத் தாண்டி, வழக்கு முடிந்த பிறகும் வரலாம் என்று சொல்லும், தமிழிலேயே பேசும், மாதம் இருமுறை கூடும் குழுக்கள் வேண்டும். அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. பஸ் கட்டணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், பயிற்சி பெற்று முன்னால் வரும் இரண்டு பெண்கள், ஒரு ஞாயிறு பிற்பகல், இவ்வளவுதான் செலவு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியிலிருந்தோ ஆலய நிர்வாகத்தின் ஆண்டு வரவிலிருந்தோ இதை ஒதுக்கச் சொல்லி இந்த வாரமே கேட்கலாம்.