செக்ரோலில் ஒரு பேர் கூடினால்

இலங்கையின் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். வருகை ஏடான செக்ரோலில் பேர் விழுந்தால்தான் மாதக் கடைசியில் சம்பளம். ஒரு மாதம் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்த ஆட்களைவிடச் செக்ரோலில் பேர் கூடுதலாக விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது மலையில் நிறுத்து எழுதிய கிலோவும் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இறங்கிய கிலோவும் பொருந்தவில்லை. யார் கையாடினார்?

பெரும்பாலும் முதல் விரல் கணக்குப்பிள்ளையை நோக்கி நீளும். மறுநாள் காலைக்குள் டிவிசன் முழுக்கப் பேச்சு. விசாரணையைக் கெடுப்பது அந்த அவசரம்தான். அவர் நேர்மையானவராக இருந்தால் மானம் போய்விடும். குற்றவாளி வேறொருவராக இருந்தால், ஏடுகளைத் திருத்தவோ கிழிக்கவோ அவருக்கு ஓர் இரவு கிடைத்துவிடும்.

எடை குறைவதற்கு மோசடிதான் காரணம் என்றும் இல்லை. மழைக் கொழுந்தில் ஒட்டிய நீர் ஸ்டோருக்குப் போவதற்குள் வடிந்துவிடும். சாக்கின் எடை கழிக்கப்படாமல் போயிருக்கலாம். தராசே பழுதாக இருக்கலாம். ஆகவே சந்தேகம் வந்ததும் செய்யவேண்டியது ஆளைப் பிடிப்பதல்ல, ஏட்டைப் பிடிப்பது. செக்ரோல், நிறுவைப் புத்தகம், லொறிச் சிட்டை, ஸ்டோர் பதிவு, சம்பள வவுச்சர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்து, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்திட்டுப் பூட்ட வேண்டும். கணினி இருந்தால் அதிலுள்ளதை அப்படியே பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பதிவுகளைக் கையாண்டவரிடமே அவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது.

இந்த விதியை மீறினால் என்ன விலை என்பதை இந்தியாவில் ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் காட்டியது. 2008 டிசம்பர் 16 அன்று, தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தினர் நடத்திய மேட்டாஸ் கம்பனிகள் இரண்டை வாங்கப் பணிப்பாளர் சபை ஒப்புக்கொண்டது. முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்திலேயே முடிவு கைவிடப்பட்டது. சில நாட்களில் பெயரை மறைத்த ஒருவர் பணிப்பாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, கணக்கில் மோசடி இருப்பதாக எச்சரித்தார். 2009 ஜனவரி 7 அன்று ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். கையிருப்பாகவும் வங்கி வைப்பாகவும் காட்டிய 5,361 கோடி இந்திய ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம்.

இத்தனை காலம் கணக்காய்வாளர்கள் பார்க்கவில்லையா? பார்த்தார்கள், வங்கிக் கடிதங்களையும் பார்த்தார்கள். ஆனால் வங்கிக்கு நேரே எழுதி நேரே பதில் பெறாமல், நிர்வாகத்தின் கைவழியாக வந்த கடிதங்களை நம்பினார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் அந்தக் கணக்காய்வு நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தபோது சுட்டிக்காட்டியதும் இந்தக் குறையைத்தான். கணினிப் பதிவுகளைத் துருவிய இந்திய மத்தியப் புலனாய்வுப் பணியகம் (சிபிஐ) 7,561 போலி விலைப்பட்டியல்களைக் கண்டுபிடித்தது. அவை மற்ற அதிகாரிகளின் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டிருந்தன. காகிதத்தில் அழித்தாலும் கணினியில் தடம் கிடக்கும். பதிவுகளை முதலில் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. ராஜு ஒப்புக்கொண்ட சில நாட்களிலேயே இந்திய அரசு பழைய சபையை நீக்கிப் புதியவர்களை அமர்த்தியது. விசாரணை ஒருபுறம் ஓட, சுமார் 53,000 ஊழியர்களின் சம்பளத்தையும் வாடிக்கையாளர்களையும் காப்பது மறுபுறம் நடந்தது. ஏப்ரலில் சத்யத்தை வாங்கும் ஏலத்தில் டெக் மகிந்திரா நிறுவனம் வென்றது. 2015 ஏப்ரலில் ராஜு உட்பட பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றத்தைத் தேடும்போது பிழைப்பை அணைத்துவிடக் கூடாது என்பதை அந்தப் புதிய சபை நன்றாக உணர்ந்திருந்தது.

முதல் தகவல் எங்கிருந்து வருகிறது? மோசடி ஆய்வாளர்களின் உலகச் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கை 1,921 வழக்குகளை ஆராய்ந்தது. அவற்றில் 43 சதவீதம் யாரோ ஒருவர் சொன்னதால் வெளிப்பட்டவை. சொன்னவர்களில் பாதிக்கு மேல் உள்ளே வேலை செய்த ஊழியர்கள். தோட்டத்திலும் அப்படித்தான் இருக்க முடியும். எந்தப் பேர் பொய்ப் பேர் என்று பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவருக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்கு வம்பு வரும் என்ற பயம்தான் அவர் வாயை அடைக்கிறது. சொன்னவரின் பெயரைக் காக்காத நிர்வாகத்திடம் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சந்தேகிக்கப்பட்டவருக்கும் உரிமை உண்டு. என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, சம்பந்தமில்லாத ஒருவர் விசாரிக்க வேண்டும். அறைக்குள் பூட்டி மிரட்டி எழுதி வாங்கும் வாக்குமூலம் நியாயமும் ஆகாது, நிலைக்கவும் செய்யாது. வேலைநீக்கம் அநியாயமென்றால் இலங்கையின் 1950ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குச் சட்டப்படி தொழில் நியாய சபைக்குப் போகலாம். குற்றம் உறுதியானால், ஊழியர் செய்த நம்பிக்கை மோசடியைத் தண்டிக்கத் தண்டனைச் சட்டக் கோவையில் 391ஆம் பிரிவு இருக்கிறது. உர வியாபாரியிடமோ லொறிக்காரரிடமோ கமிஷன் வாங்கிய விவகாரமென்றால், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் தொடுகிறது.

இதுவரை சொன்னது முதலாளிக்கு நேரும் மோசடி. தொழிலாளிக்கு நேரும் மோசடியை அதே கண்டிப்போடு யாரும் விசாரிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். கொழுந்தில் காரணமில்லாமல் கிலோ வெட்டுவதும் மோசடிதான். ஊழியர் சேமலாப நிதிக்கு என்று சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, நிர்வாகத்தின் 12 சதவீதத்தோடு சேர்த்துக் கட்டாமல் விடுவது அதைவிடப் பெரியது. அரசுத் தோட்ட நிறுவனங்களே இந்த நிதியைப் பாக்கி வைத்த வரலாறு இந்த நாட்டில் உண்டு. ஓய்வுபெறும் நாளில்தான் பலருக்கு அது தெரிய வந்தது.

சத்யத்தில் தவறவிட்ட அதே சோதனை இங்கேயும் பொருந்தும். சம்பளச் சீட்டில் பிடித்ததாகக் காட்டியிருப்பது கட்டியதற்குச் சான்றாகாது. பணம் இருப்பது மத்திய வங்கியின் கணக்கில், எனவே அந்தக் கணக்கில் விழுந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். இந்த மாதச் சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் உறுப்பினர் இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு ஹட்டனிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போய், உங்கள் கணக்கில் கடைசியாக எந்த மாதத்துக்குப் பணம் விழுந்தது என்று கேளுங்கள். ஓய்வுபெறும் நாள் வரை காத்திருக்காதீர்கள்.