கிறவல் வீதியில் சைக்கிள்: செங்கலடியிலிருந்து படுவான்கரை நோக்கி

'எங்கள் வீதி இன்னும் கிறவல்தான்' என்பது படுவான்கரைக் கிராமங்களில் ஒரு முறைப்பாடு. தேர்தல் வந்தால் கோரிக்கை, முடிந்தால் மனு. அதே கிறவலைத் தேடி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டி சைக்கிள் ஓடுகிறார்கள். 2006இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிறு நகரைச் சுற்றியுள்ள பண்ணை வீதிகளில் 200 மைல் தூரப் போட்டி ஒன்று தொடங்கியது. 2022இல் இத்தாலியில் கிறவல் சைக்கிளோட்டத்துக்கென்றே முதலாவது உலக சம்பியன்ஷிப் நடந்தது. தார் வீதியில் வாகன நெருக்கடி கூடியதும், வயலும் மேய்ச்சல் தரையும் ஊடறுத்துப் போகும் மண் வீதிகளுக்கு மவுசு ஏறிவிட்டது.

அப்படிப்பட்ட வீதிகள் செங்கலடியைச் சுற்றி நிறைய உண்டு. மட்டக்களப்பு–திருகோணமலை வீதியும், பேராதனையில் தொடங்கி பதுளை வழியாக இறங்கிவரும் ஏ5 வீதியும் சந்திக்கும் இடம் இது. ஏ5 என்று இங்கு யாரும் சொல்வதில்லை, பதுளை வீதி என்றால்தான் தெரியும். நெல், சோளம், தயிர் என்று உள்ளூரிலிருந்து வருவதெல்லாம் இந்தச் சந்தியைத் தொட்டுத்தான் போகும். பதுளை வீதியில் கறுத்தப்பாலத்தைத் தாண்டினால் எழுவான்கரை முடிந்து படுவான்கரை தொடங்கிவிடுகிறது. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம் என்று வாவியை நடுவில் வைத்து மட்டக்களப்பார் நிலத்தைப் பிரித்துவைத்த முறை இது. போர்க்காலத்தில் இதே பாலம் இரண்டு நிர்வாகங்களைப் பிரித்த சோதனைச்சாவடியாக இருந்தது. அந்நாட்களில் மண்ணெண்ணெயும் அரிசியும் விறகும் இவ்வழியே சைக்கிள் கரியரில்தான் போய்வந்தன. ஆக, இந்த வீதிகளுக்குச் சைக்கிள் புதிதல்ல. பொழுதுபோக்குக்காக ஓடுவதுதான் புதிது.

இதற்கென்று விலையுயர்ந்த வெளிநாட்டுச் சைக்கிள் வேண்டுமா? வேண்டியதில்லை. கிறவல் பைக் என்று விற்கப்படுவதன் முக்கிய அடையாளம் அகலமான ரயர். பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீற்றர் வரை. நம் வீடுகளில் நிற்கும் 28 அங்குலப் பெரிய சைக்கிளின் ரயர் 28 × 1½ என்று அச்சிடப்பட்டிருக்கும். அதன் அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர். அதாவது, வட்டைக்கு உரமூடை ஏற்றிப்போகும் அந்தச் சைக்கிள் ரயர் விடயத்தில் எப்போதோ 'கிறவல் பைக்' ஆகிவிட்டது. குறைவது கியரும் நல்ல பிறேக்கும்தான். பாரமும் கொஞ்சம் கூட. வாவியிலிருந்து மேற்கே வெகுதூரம் நிலம் ஏறக்குறையத் தட்டையாகவே கிடப்பதால் ஒற்றைக் கியரோடு சமாளிக்கலாம். மலைச் சைக்கிளுக்கு ஏற்ற நிலம் புல்லுமலைக்கு அப்பால்தான் வருகிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். காற்றை இறுக அடித்துக்கொண்டு கிறவலில் இறங்கக் கூடாது. காய்ந்த கிறவலில் வாகனங்கள் ஓடி ஓடி வீதி குறுக்காக அலை அலையாக நெளிந்திருக்கும். இறுகிய ரயர் ஒவ்வொரு அலையிலும் துள்ளி, கையும் இடுப்பும் நொந்துபோகும். காற்றைச் சற்றுக் குறைத்தால் ரயர் நிலத்தை அணைத்துக்கொண்டு ஓடும், மணலிலும் புதையாது. அதற்காக மிகவும் குறைத்தால் கல்லில் மோதி ரியூப் நசுங்கி வெடிக்கும். நெருஞ்சியும் இலந்தை முள்ளும் வேறு இருக்கின்றன. பம்பும் ஒட்டுச் சாமானும் ஒரு மேலதிக ரியூபும் இல்லாமல் கரடியனாற்றைத் தாண்டுவது புத்திசாலித்தனமல்ல.

முதல்முறை ஓடுபவர்களுக்குக் கிழக்குப் பக்கமே நல்லது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் கடந்து கடற்பக்கம் திரும்பினால் களுவன்கேணி. கரையோர வேடர் வழிவந்த குடும்பங்கள் வாழும் மீனவக் கிராமம் அது. மணல் கூடிய வழி, தூரம் குறைவு. காலையில் போய் மீன் வாங்கிக்கொண்டே திரும்பலாம்.

மெய்யான கிறவல் மேற்கே, பதுளை வீதியின் இருபுறமும் இருக்கிறது. பிரதான வீதி இன்று நல்ல தார் வீதி. அந்த வீதி வேலையோடு ஒரு பெருந்துயரும் சேர்ந்திருக்கிறது: வீதி நிர்மாணத்துக்கென்று கொண்டுவரப்பட்டு கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து 2010 செப்டெம்பர் 17 அன்று வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று அந்த வழியால் விரைந்து போகிறவர்களில் பலருக்கு அது நினைவில் இருக்காது.

இந்தத் தார் வீதியை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு பக்கத்து வீதிகளில் இறங்க வேண்டும். பங்குடாவெளிப் பக்கம் வயல் வெளியும் வாய்க்கால் கட்டுகளும். இலுப்படிச்சேனை, கரடியனாறு தாண்டினால் உறுகாமம் குளம். தெற்கே திரும்பினால் ஆயித்தியமலை, அதற்கப்பால் உன்னிச்சைக் குளம். ஆயித்தியமலை சதா சகாய மாதா திருவிழாவுக்கு அடியார்கள் கால்நடையாகப் போகும் வழிகள் இவை. நடக்கிறவர்களுக்கு வாய்த்த வழி சைக்கிளுக்கும் வாய்க்கும் என்பது பொதுவாக நம்பக்கூடிய விதி. அங்கிருந்து வவுணதீவு வந்து வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்தால் மட்டக்களப்பு நகர். பிறகு ஏறாவூர் வழியாகச் செங்கலடி. வாவியின் வடபாதியைச் சுற்றிவந்த ஒரு முழுநாள் ஓட்டம் அது. இன்னும் தெற்கே போக ஆசைப்படுவோர் கொக்கட்டிச்சோலை போய் மண்முனைப் பாலத்தால் திரும்பலாம். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே 'பாதை'தான். இழுத்துப் போகும் மிதவைக்குப் பாதை என்று பெயர் வைத்த ஊரில் வழி கேட்டு அலைந்த வெளியூர்க்காரர் எத்தனை பேரோ.

எப்போது ஓடுவது என்பதுதான் எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரி. கிறவல் களியாகி ரயரில் அப்பிக்கொள்ளும். தாம்போதிகள் மேல் வெள்ளம் பாயும். மே தொடக்கம் ஓகஸ்ட் தாண்டியும் கச்சான். (நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றே பெயர், வாயில் போடலாம் என்பது அதிலுள்ள நன்மை.) தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கிழக்குச் சரிவால் இறங்கும்போது சூடேறி வருவதே கச்சான். வெயில் ஏற ஏற அது பலக்கும். மேற்கே போகிறவருக்கு முகத்திலும் திரும்புகிறவருக்கு முதுகிலும் அடிக்கும். ஆகவே விடியற்காலையில் காற்று எழும்புமுன் மேற்கே போய், அது பலத்த பின் அதைத் துணையாக வைத்துத் திரும்புவதே சைக்கிள் கணக்கு.

ஆனால் யானையின் கணக்கு வேறு. அந்தி தொடக்கம் விடிந்து சில மணிநேரம் வரை அவை காட்டுக்கும் வயலுக்கும் குளத்துக்கும் இடையே நடமாடும். வட்டைக்குப் போனவர்களும் வாடியில் காவலிருந்தவர்களும் யானை தாக்கி இறந்த செய்திகள் இந்தப் பக்கத்திலிருந்து ஓயாமல் வருகின்றன. மோட்டார் சைக்கிளுக்காவது சத்தமும் வேகமும் உண்டு. சைக்கிள் ஓசையின்றிப் போய் வளைவில் யானையின் முன்னால் நிற்கும். வெயில் 'முந்திப் போ' என்கிறது, யானை 'பிந்திப் போ' என்கிறது. இதில் யானை சொல்வதைத்தான் கேட்க வேண்டும். குளங்களுக்கு அப்பால் காலை ஏழரைக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் நிற்கக் கூடாது. விடியற்காலையை வாவியோரத்திலும் தார் வீதியிலும் கழித்து, வெயில் ஏறத் தொடங்கிய பின் உள்ளே இறங்கலாம். புதிய லத்தி கிடந்தால் திரும்பிவிடுங்கள். வாடிக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். முதல் நாள் இரவு யானை எந்தப் பக்கம் போனதென்று அவருக்குத்தான் தெரியும். இரண்டு கணக்கும் ஓரளவு ஒத்துவருவது பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். மாரி ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிராது, பெரும்போக அறுவடை நடப்பதால் வட்டையிலும் ஆள்நடமாட்டம் இருக்கும். குளங்களும் நிறைந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதென்று 2017இல் அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் ஆள் புழங்காத பற்றைக்குள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு புது வழி தேடுவது தேவையற்ற வேலை.

மேல்நாட்டுச் சைக்கிளோடிகள் தேடும் புல்வெளிக்கு இணையாக இங்கே இருப்பது தரவை. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வழியாகக் குடும்பிமலை நோக்கிப் போனால் அது விரியும். பட்டி மாடுகளும் தூரத்தில் மலையும். இந்த நிலத்தைக் காட்சியாக மட்டும் பார்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகள் பயிர்ச்செய்கைக்கென்று பிடிக்கப்படுவதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2018இல் புல்லுமலையில் போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலைக்கு எதிராக எழுந்த எதிர்ப்பும் நிலமும் நீரும் யாருக்கு என்ற கேள்விதான். சைக்கிளில் வருகிறவர் பட்டிக்குள் புகாமல், வாய்க்கால் கட்டை உடைக்காமல், போகிற வழியில் தயிரும் சோளமும் வாங்கிப் போனால் அவரால் ஊருக்குப் பாரமில்லை.

அப்படியானால் கிறவல் வீதிகள் கிறவலாகவே இருக்க வேண்டுமா? பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் வீதியைச் சுற்றுலாவுக்காகப் புழுதியில் வைத்திருக்கச் சொல்வது அநியாயம். அவை காபெற் வீதியாகட்டும். வட்டை வீதிகளும் குளக்கட்டுகளும் வாய்க்கால் ஓரங்களும் எப்படியும் கிறவலாகவே இருக்கும், சைக்கிளுக்கு அவை போதும். அவற்றைக் கெடுப்பது தார் அல்ல, மணலும் கிறவலும் ஏற்றி இரவுபகலாக ஓடும் ரிப்பர்கள்தான். புலிபாய்ந்தகல் வீதி மாரி வெள்ளத்தில் மூழ்கி, அந்தப் பக்கத்துச் சனம் படகில் கிரானுக்கு வருவது ஆண்டுதோறும் நடக்கிறது. அப்போது படகில் ஏறும் சாமான்களோடு சைக்கிளும் இருக்கும்.