மலை தாண்டிப் போகும் கசடு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள எங்கள் டகோமாவில் நாற்று நடும் பருவம் வந்தால் பலரும் மண் வாங்கப் போவது நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான். வீடுகளின் கழிவுநீரில் அடியில் தங்கும் கசடைப் பதப்படுத்தி, மரத்தூளும் மணலும் கலந்து ‘டாக்ரோ’ என்ற பெயரில் விற்கிறார்கள். கறுப்பாக, உதிரியாக இருக்கும். அள்ளினால் மரத்தூள் விரலில் ஒட்டும். என் கத்திரியும் பீன்ஸும் வளர்வது இதில்தான்.

“ஏண்டி, சாக்கடை மண்ணுலயா காய் பறிச்சுத் திங்குறே?” என்று ஊரிலிருந்து அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடுவதையே வேலையாக வைத்திருக்கும் சங்கம் ஒன்று இந்தப் பகுதியில் இருக்கிறது. பெயர் ‘நார்த்வெஸ்ட் பயோசாலிட்ஸ்’. 1987-ல் தொடங்கியது. வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, அலாஸ்கா மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கழிவுநீரைக் கையாளும் அமைப்புகள் இதில் உறுப்பினர்கள். சிறிய ஊரால் தனியாக ஆராய்ச்சி நடத்த முடியாது. கூடிப் பணம் போட்டால் பல்கலைக்கழகத்தைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

கசடைப் பதப்படுத்தும் முறை இதுதான். காற்றுப் புகாத தொட்டியில், ஏறக்குறைய நம் உடல் சூட்டில், அதைக் குறைந்தது 15 நாள் வைக்கிறார்கள். நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் வாயுவை விடுகின்றன. கிருமிகள் பெருமளவு சாகின்றன. இதுவரை வந்தது ‘பி’ வகை. வயலுக்குப் போடலாம், ஆனால் மண்ணில் படும் காய்கறி என்றால் அறுவடைக்கு முன் 14 மாதம் கழிய வேண்டும். இன்னும் அதிக வெப்பத்தில் பதப்படுத்தி, மலக் கிருமியின் அளவு கிராமுக்கு 1000-க்குக் கீழே இறங்கினால் ‘ஏ’ வகை. டாக்ரோ இந்த வகை. வீட்டுத் தோட்டத்துக்கு ஆகும். ஆர்சனிக், காட்மியம், காரீயம், பாதரசத்துக்கும் வரம்பு உண்டு. இவை 1993-ல் வந்த மத்திய அரசு விதிகள்.

சியாட்டிலின் கசடு காஸ்கேட் மலையைத் தாண்டி டக்ளஸ் மாவட்டத்துக்கு லாரியில் போகிறது. அங்கே ஆண்டு மழை சுமார் 250 மில்லிமீட்டர்தான். மானாவாரிக் கோதுமை, ஒரு வருடம் விளைச்சல், மறு வருடம் தரிசு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 1994-லிருந்து அங்கே நடத்திய வயல் சோதனையில், கசடு இட்ட நிலம் ரசாயன உரம் இட்ட நிலத்துக்கு விளைச்சலில் சளைக்கவில்லை. மண்ணில் கரிமச் சத்தும் ஏறியது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். தழைச்சத்தை மூட்டையில் வாங்கிவிடலாம். களைத்துப்போன மண்ணுக்குக் கரிமச் சத்தை எந்த ரசாயன உர மூட்டையும் தராது. மணிச்சத்தோ பாறையை வெட்டி எடுக்கிற பொருள். கசடில் இருக்கும் அதைக் குப்பைமேட்டில் புதைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் இப்போது வேறொரு கவலை வந்திருக்கிறது. ஒட்டாத பாத்திரத்திலும் கறைபடாத துணியிலும் பயன்பட்ட ‘பிஃபாஸ்’ ரசாயனங்கள் எளிதில் சிதைவதில்லை. தொட்டியின் சூடு அவற்றை ஒன்றும் செய்யாது. மெயின் மாநிலத்தில் கசடு இட்ட பண்ணைகளின் மண்ணும் கிணறும் பாலும் கெட்டுப்போய், குடும்பங்கள் தொழிலையே இழந்தன. 2022-ல் அந்த மாநிலம் கசடை நிலத்தில் இடுவதையே தடை செய்தது. அத்தகைய நிலத்தில் வாழ்ந்து, அங்கே விளைவதையே பெரிதும் உண்பவர்களுக்கு, இவற்றில் இரண்டு ரசாயனங்கள் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே ஆபத்து வரம்பு மீறக்கூடும் என்று 2025 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தன் வரைவு மதிப்பீட்டில் சொன்னது.

அதற்காக எல்லா ஊரின் கசடையும் எரித்துவிடு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஊரும் வீட்டுக் கழிவு மட்டும் வரும் ஊரும் ஒன்றல்ல. இந்த ரசாயனத்தைச் சாக்கடையில் விடும் ஆலையை முதலில் நிறுத்த வேண்டும். சங்கமும் உரத்தின் பெருமையைப் பேசும் அதே குரலில், ஒவ்வொரு ஊரின் கசடிலும் பிஃபாஸ் எவ்வளவு என்ற அளவைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். கோதுமை விதைக்கிற விவசாயிக்கு, லாரி வயலுக்குள் நுழையும் முன்பே அந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.