சைக்கிள் விளக்கும் டார்ச்லைட்டும்: ஆயுள் எங்கே இருக்கிறது?

மலர்க்குழு நண்பர்கள் இந்த ஆண்டும் நான் ஏட்டுச்சுவடி, கல்வெட்டு என்று ஏதாவது எழுதித் தருவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எனக்குச் சோறு போட்டது பல்பும் பேட்டரிக் கட்டையும்தான். அவற்றைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. ஆகவே இம்முறை சைக்கிள் விளக்கு. இதில் எனக்கு ஒரு பழைய கடனும் உண்டு. அதைக் கட்டுரையின் போக்கில் சொல்கிறேன்.

அகமதாபாத்தில் முதல் துணி ஆலையை 1861-ல் ரண்சோட்லால் சோட்டாலால் தொடங்கினார். பிறகு வந்த ஆலைகளுக்கு வடஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்த கதை இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். நான் 1978-ல் வந்தபோது மாமாவின் கடையில் எடுபிடி. மணிநகர், கோக்ரா பக்கத்துத் தமிழர்களுக்கு அது ‘நயினார் கடை’. ஆலைச் சங்கு ஊதியதும் தெருவெல்லாம் சைக்கிள். இரவு ஷிப்டுக்குப் போகிறவர், முடித்து வருகிறவர் என்று நூற்றுக்கணக்கில் போவார்கள். அந்தக் கூட்டத்தில் விளக்கு எரிந்த சைக்கிளை எண்ணிவிடலாம்.

அதற்கு முந்திய காலத்தில் சைக்கிளில் மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. கார்பைடு விளக்கும் இருந்தது. அதில் மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கால்சியம் கார்பைடு. சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் அசெட்டிலின் வாயு கிளம்பி வெள்ளையாக எரியும், நாற்றமும் அடிக்கும். இவற்றை நான் பழைய சாமானாகத்தான் பார்த்திருக்கிறேன். என் காலத்தில் டைனமோ.

பின்னாளில் கற்றதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லிஸ் பாலத்தடியில் ஞாயிறுதோறும் கூடும் குஜரி பஜாரில் அட்டை கிழிந்த ஒரு பள்ளிக்கூட இயற்பியல் புத்தகம் வாங்கினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

டைனமோ பார்க்கச் சின்ன சீசா மாதிரி இருக்கும். அதன் தலையிலுள்ள உருளை டயரின் பக்கத்தில் உரசிச் சுழலும். உள்ளே சுழல்வது ஒரு நிலைக்காந்தம். அதைச் சூழ்ந்து அசையாமல் இருப்பது செம்புக்கம்பிச் சுருள். பொதுவான கணக்கு 6 வோல்ட், 3 வாட். அந்த 3 வாட்டில் முன்விளக்குக்கு 2.4, பின்விளக்குக்கு 0.6. மின்னோட்டமாகச் சொன்னால் முன்னே 0.4 ஆம்பியர், பின்னே 0.1, ஆக மொத்தம் அரை ஆம்பியர்.

இந்த அரை ஆம்பியரில்தான் சூட்சுமம். வேகமாக மிதித்தால் வோல்ட் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேகம் ஏற ஏற, மாறி மாறி ஓடும் மின்சாரத்துக்குச் சுருளே காட்டும் தடையும் ஏறும். ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிப்பதால், ஓரளவு வேகத்துக்கு மேல் டைனமோ ஏறக்குறைய அந்த அரை ஆம்பியரையே தந்துகொண்டிருக்கும். வீட்டு மின்சாரம் அப்படியல்ல. அங்கே ஒரு பல்பு போனால் மற்றது பாட்டுக்கு எரியும். டைனமோவிலோ பின்விளக்கு ப்யூஸ் ஆனால் அதன் பங்கான 0.1 ஆம்பியரும் முன்விளக்கின் தலையில் விழும். 0.4-க்குச் செய்த பல்பு 0.5-ஐத் தாங்கவேண்டும். டங்ஸ்டன் இழையின் குணம் என்னவென்றால், வோல்ட் நூற்றுக்கு ஐந்து கூடினாலே ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். வெளிச்சம் மட்டும் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடும். அதாவது சாகப்போகிற பல்பு ரொம்ப அழகாக எரியும்.

இது தெரியாத காலத்தில், 1982-ல், ஆலைத் தொழிலாளி ஒருவர் எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருவார். ஆரணிப் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். ஒருநாள் பல்பு வாங்கினார். அடுத்த வாரம் வந்து, “தம்பி, நீ குடுத்த பல்பு பகலாட்டம் எரியுது” என்று பாராட்டிவிட்டுப் போனார். இரண்டே வாரத்தில் மறுபடி வந்தார். “போயிடுச்சு தம்பி, இன்னொண்ணு குடு.” கொடுத்தேன். மூன்றாவது தடவையும் கொடுத்தேன். “அண்ணே, பின்னாடி லைட்டு எரியுதா?” என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது. தவிரவும், பல்பு போனால் கடைக்கு வியாபாரம்தானே.

மூன்றாம் ஷிப்டுக்குப் போகும் வழியில் பின்னாலிருந்து வந்த லாரி அவரை அடித்தது. உயிர் பிழைத்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. சில மாதம் கழித்து சைக்கிளை விற்றுத்தரச் சொல்லி அவர் மகன் எங்கள் கடையில் கொண்டுவந்து நிறுத்தினான். முன்விளக்கில் நான் விற்ற பல்பு நன்றாக இருந்தது. பின்விளக்கைத் திறந்தேன். பல்பின் இழை அறுந்து, உள்கண்ணாடி கறுத்து, அதன் மேல் மாதக்கணக்கான தூசி. ‘பகலாட்டம் எரியுது’ என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. குஜரி பஜாருக்குப் போய்ப் புத்தகம் தேடியது அதற்குப் பிறகுதான்.

சைக்கிள்காரர் தன் பின்விளக்கைத் தானே பார்க்க முடியாது. முன்விளக்கு எரிவதைக் கண்டு பின்னாலும் எரிகிறது என்று நம்பிக்கொள்வார். ஆகவே டைனமோ வைத்திருப்பவர்களுக்கு நான் அன்று முதல் சொல்வது: முன்விளக்கு திடீரென்று பிரகாசமானால் இறங்கிப் பின்னால் பாருங்கள். டைனமோவுக்கு இன்னொரு குறையும் உண்டு. சைக்கிள் நின்றால் விளக்கும் அணையும். ரயில்வே கேட்டில் இருட்டில் காத்து நிற்கும்போது, மிகவும் தேவையான நேரத்தில் வெளிச்சம் இருக்காது. மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும். இப்படிப்பட்ட காரணங்களால்தான் பலர் டார்ச்லைட்டை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டார்கள்.

டார்ச்சுக்கு வருவோம். டேவிட் மிசெல் என்பவர் அமெரிக்காவில் 1899-ல் காப்புரிமை பெற்ற குழாய் விளக்குதான் இன்றைய டார்ச்சின் மூதாதை. அன்றைய கட்டைகளுக்குத் தொடர்ந்து எரியும் தெம்பில்லை. மின்னல் வெட்டுவது போலச் சற்று எரிந்து ஓயும் என்பதால் அங்கே அதற்கு ஃப்ளாஷ்லைட் என்று பெயர் வந்தது. நம் ஊர்க் கிராமங்களில் ‘பேட்டரி லைட்’. மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று அளவு சொல்வோம்.

இந்தக் கட்டையின் உடம்பை அறிந்தால் டார்ச் ஏன் கெடுகிறது என்பது பாதி விளங்கிவிடும். வெளிச்சுவர் துத்தநாகக் குவளை. நடுவில் கரிக்கோல். இடையில் மாங்கனீசு டையாக்சைடு கலந்த கறுப்புத் தூளும், நவச்சாரமோ துத்தநாகக் குளோரைடோ சேர்ந்த ஈரப்பசையும். மின்சாரம் தரத் தரத் தின்னப்படுவது அந்தத் துத்தநாகம். அதாவது இங்கே பாத்திரமே விறகு. கடைசியில் பாத்திரம் ஓட்டையாகாமல் என்ன செய்யும்? ஒழுகும் நீர் அடி ஸ்பிரிங்கைத் துருவாக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும்.

என் கடைக்கு ‘கெட்டுப்போச்சு’ என்று வந்த டார்ச்சுகளில் உண்மையில் செத்தவை சொற்பம். பத்துக்கு ஏழெட்டில் குறை தொடுமிடத்தில்தான். ஸ்பிரிங் கட்டையைத் தொடுமிடம், பல்பின் அடி தகட்டைத் தொடுமிடம், ஸ்விட்ச் தகடு உடம்பைத் தொடுமிடம். உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் எரியும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. சில வியாபாரிகள் இதற்காக என்மேல் வருத்தப்பட்டதுண்டு.

கட்டை ஒழுகியிருந்தால் உப்புத்தாள் மட்டும் போதாது. சாதாரணக் கட்டையின் கசிவு புளிப்புத் தன்மை உள்ளது. சமையல் சோடா நனைத்த துணியால் துடைக்கவேண்டும். ஆல்கலைன் கட்டையின் கசிவு அதற்கு நேர்மாறான காரம். அதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ. பிறகு ஈரம் போகக் காயவைக்கவேண்டும். பழைய கட்டையோடு புதுக்கட்டையைச் சேர்த்துப் போடாதீர்கள். முதலில் தீர்ந்த கட்டையை மற்றவை விடாமல் ஓட்டும், அதுதான் முதலில் ஒழுகும். ஊருக்குப் போகும்போது கட்டையைக் கழற்றி வையுங்கள். பெட்டிக்குள் டார்ச் தானாக எரிந்துவிடும் என்ற பயத்துக்கு மட்டும் ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டு வைத்தால் போதும்.

கட்டையை வெயிலில் காயவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஓய்வு கிடைத்தால் உள்ளே தேங்கிய ரசாயனம் சற்றுச் சரியாகும், சூட்டில் வேலையும் வேகமாக நடக்கும். ஆனால் துத்தநாகம் அரிப்பதும் வேகமாக நடக்கும். நாலு நாள் வெளிச்சத்துக்காக டார்ச்சையே பலி கொடுப்பது.

பித்தளை டார்ச் நின்றதற்குக் காரணம் பித்தளை என்பார்கள். பாதிதான் சரி. பித்தளை டார்ச்சை முழுக்கக் கழற்றலாம், கழற்றினால் சுத்தம் செய்யலாம். பின்னாளில் வந்த விலை குறைந்த சார்ஜ் டார்ச்சுகளை ஒட்டி மூடிவிட்டார்கள். அவற்றில் பலவற்றினுள் இருந்தது 4 வோல்ட் ஈய பேட்டரி. அதைத் தீர்ந்த நிலையிலேயே பரணில் போட்டுவைத்தால் சில மாதத்தில் சார்ஜ் ஏறாமல் போகும். எரிந்தாலும் எரியாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டவர்களுக்கு அது வருஷக்கணக்கில் உழைத்தது. ஒரு எச்சரிக்கை: இவற்றில் டிரான்ஸ்பார்மர் இருக்காது. பிளக்கில் செருகியபடி திறந்தால் உள்ளே வீட்டு மின்சாரம் நேராக நிற்கும்.

டார்ச்சை சைக்கிளில் கட்டும்போது நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு குழிக்கும் கனமான கட்டைகள் ஸ்பிரிங்கைச் சம்மட்டி போல் அடிக்கும். ஸ்பிரிங் அமுங்கி, வெளிச்சம் கண் சிமிட்ட ஆரம்பிக்கும். எங்கள் தெருவில் ஒருவர் டார்ச்சே வாங்காமல், ஆலையில் துணி சுற்றி வரும் அட்டைக்குழலில் மூன்று கட்டையைப் போட்டு, இடைவெளிக்குச் செய்தித்தாளைச் சுற்றி, இரு முனையிலும் தகடு வைத்துக் கட்டிவிட்டார். அந்தக் குழல் சைக்கிள் பாரில், பல்பு மட்டும் முன்னே. பல்பும் சரியாகப் பார்த்து வாங்கினார்: இரண்டு கட்டைக்கு 2.5 வோல்ட், மூன்றுக்கு 3.8. பார்க்க அசிங்கமாக இருக்கும். கடையில் விற்ற டார்ச்சுகளைவிட அது அதிக நாள் உழைத்தது. எங்கே கோளாறு வரும் என்று செய்தவருக்குத் தெரியும். வழியிலேயே நிறுத்திச் சரிசெய்துவிடுவார்.

வெள்ளை எல்இடி விளக்கு 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கு அடிப்படையான நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அறுவதற்கு இழை இல்லை, அதிர்வைப் பற்றிக் கவலையும் இல்லை. பல்லாயிரம் மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போடுகிறார்கள். எரியும்தான். ஆனால் ஒயரும் ஸ்விட்சும் அவ்வளவு நாள் இருக்கவேண்டுமே! தொடுமிடக் கதை எல்இடிக்கும் அதே கதைதான்.

பின்விளக்கு ஒன்றை வீட்டிலேயே செய்ய விரும்பும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். இரண்டு பென்டார்ச் செல், 3 வோல்ட். சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 1 வோல்ட்டை 47 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் 20 மில்லி ஆம்பியர் அளவில் ஓடும். இரண்டு, மூன்று எல்இடி வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். எல்இடியின் நீளக்கால் பிளஸ். மாத்திரை டப்பிக்குள் வைத்து மூடலாம். மேற்புறத்தை நன்றாக அடைத்துவிட்டு அடியில் சிறு துளை ஒன்று விடுங்கள். தண்ணீர் எப்படியும் உள்ளே போகும், வெளியே வர வழி வேண்டும். ஈயம் பற்றவைத்த இடத்தில் ஒயர் விறைப்பாகிவிடும், முறிவது அதன் ஓரத்தில்தான். ஆகவே ஒரு அங்குலம் தள்ளி ஒயரை டப்பியோடு கட்டிவிடுங்கள். சைக்கிள் பிரேமையே ஒரு ஒயராகப் பயன்படுத்தாதீர்கள். பெயிண்டைத் துளைத்து இரும்பைத் தொடும் திருகு துருப்பிடித்தால் விளக்கு போச்சு. பழைய டைனமோ செட்டுகளில் பின்விளக்கு அணைந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

இப்போது நம் குடியிருப்புகளின் காவலாளிகளும், சாப்பாட்டுப் பை சுமந்து வரும் இளைஞர்களும் சைக்கிளில் வருகிறார்கள். பெரும்பாலும் பின்னால் வெளிச்சமே கிடையாது. சென்ற ஆண்டு எங்கள் அடுக்ககக் காவலாளிகள் இருவருக்கு மேற்சொன்னபடி செய்து கொடுத்தேன். ஒன்று இன்னும் எரிகிறது. மற்றது மழையில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், அடித்துளை போட நானே மறந்திருக்கிறேன்.

கடைப் பரணில் 6 வோல்ட், 0.6 வாட் பின்விளக்கு பல்பு ஒரு பெட்டி இன்னும் கிடக்கிறது. வாங்க ஆளில்லை. டைனமோ சைக்கிளைப் பாதுகாத்து வைத்திருக்கும் சங்க உறுப்பினர் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம். விலை கேட்கவேண்டாம்.