பழகிய மெனுவைப் பறிகொடுக்காமல்

லினக்ஸ் கணினியின் திரையில், மேல் இடது மூலையில், 'அப்ளிகேஷன்ஸ்', 'பிளேசஸ்', 'சிஸ்டம்' என மூன்று சொற்கள் அடுத்தடுத்து நின்ற காலம் ஒன்று உண்டு. முதல் சொல்லைச் சொடுக்கினால் மென்பொருள்கள் அலுவலகம், இணையம், கல்வி, வரைகலை, விளையாட்டு என்று வகைவகையாக விரியும். இரண்டாவது கோப்புறைகளுக்குக் கொண்டுபோகும். மூன்றாவதில் கணினியின் அமைப்புகள் இருக்கும். க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழலின் இரண்டாம் தலைமுறை தந்த முகம் அது. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது அந்த மூன்று சொற்களும் திரையிலிருந்து போயின. அவற்றுக்குப் பதிலாக 'ஆக்டிவிட்டீஸ்' என்ற ஒற்றைச் சொல்லும் அதன் பின்னால் ஒரு தேடல் பெட்டியும் வந்தன. அதே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் யூனிட்டி என்ற தன் புதிய முகத்துக்கு மாறியது.

தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதும் அதே 2011-இல்தான். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் என்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வட்டங்களிலும் அரசுப் பள்ளியில் மேல்நிலை படித்த பிள்ளைகளின் வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்தது இப்படித்தான். பாஸ், சென்னை சி-டாக் மையம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. 2011-இல் வந்த டெபியன் 6 க்னோம் 2-ஐயும், 2013-இல் வந்த டெபியன் 7 க்னோம் 3-ஐயும் கொண்டிருந்தன. டெபியனை ஒட்டி வளரும் பாஸும் இந்த மாற்றத்துக்குத் தப்பவில்லை. அக்காள் வாங்கிய மடிக்கணினியில் இருந்த மெனு தம்பியின் கணினியில் இல்லாமல் போக, ஓரிரு ஆண்டு இடைவெளி போதுமானதாக இருந்தது.

பாடநூலிலும் இதே சிக்கல் உண்டு. 2018-இல் புதிதாக வந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல் உபுண்டுவை யூனிட்டி முகத்தோடு விளக்கியது. இடப்பக்கப் பட்டையின் உச்சியில் தேடல் சின்னம், அதன்கீழ் கோப்புகள், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் என்று படத்தோடு வரிசை சொன்னது. ஆனால் உபுண்டு யூனிட்டியைக் கைவிடுவதாக 2017 ஏப்ரலிலேயே அறிவித்திருந்தது. 2018 ஏப்ரலில் வந்த உபுண்டு 18.04-ஐ நிறுவிய ஆய்வகத்தில் உச்சியில் இருக்க வேண்டிய சின்னம் அங்கே இல்லை. பட்டையின் அடியில் ஒன்பது புள்ளிகளாக வேறொன்று இருந்தது. யூனிட்டியில் திரையின் உச்சிப் பட்டையில் தோன்றிய ஃபைல், எடிட் மெனுக்களும் அந்தந்த மென்பொருளின் சாளரத்துக்குள் இறங்கிவிட்டன. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே செய்முறை செய்யும் மாணவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கேரளப் பள்ளிகளின் கணினிப் பாடநூல்கள் 'அப்ளிகேஷன்ஸ் - எஜுகேஷன்' என்று மெனுவின் பாதையைச் சொல்லியே மாணவரை மென்பொருளிடம் அழைத்துப் போகின்றன. அச்சில் ஏறிய பாதை திரையிலும் இருந்தால்தான் அந்தப் பாடம் நடக்கும்.

தேடல் பெட்டி வேகமானது என்று புதிய முகத்தின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். பெயர் தெரிந்தவருக்கு அது உண்மை. இரவு வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருளுக்கு ஸ்டெல்லேரியம் என்று பெயர் என அறியாத பிள்ளை அந்தப் பெட்டியில் எதைத் தட்டும்? மெனுவில் 'கல்வி' என்ற வகையைத் திறந்தால் ஸ்டெல்லேரியமும் ஜியோஜீப்ராவும் ஜிகாம்ப்ரியும் தாமாகக் கண்ணில் படும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத முதல் தலைமுறைக் கணினிப் பயனருக்கு, கணினிக்குள் என்ன இருக்கிறது என்பதை மெனுதான் சொல்லித்தர வேண்டும். ஆங்கிலப் பெயரை எழுத்துப்பிழையில்லாமல் தட்டத் தயங்கும் கைக்கும் சொடுக்குவது எளிது. பழைய மெனுவைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இவையே வலுவான காரணங்கள். பழக்கத்தின்மேல் உள்ள பிடிவாதம் இதற்கெல்லாம் பிறகுதான்.

காப்பாற்ற முடிகிறது என்பதற்கு லினக்ஸின் கட்டமைப்பே காரணம். மெனு எந்த ஒரு டெஸ்க்டாப்புக்கும் சொந்தமானது அன்று. ஒவ்வொரு மென்பொருளும் நிறுவப்படும்போது தன்னைப் பற்றிய சிறு உரைக்கோப்பு ஒன்றைக் கணினியின் பொதுவான கோப்புறையில் வைக்கிறது. பெயர், சின்னம், இயக்கும் கட்டளை, எந்த வகையைச் சேர்ந்தது என்பவை அதில் இருக்கும். தமிழ்ப் பெயருக்கென்று தனி வரி எழுதவும் இடமுண்டு. ஃப்ரீடெஸ்க்டாப் என்ற கூட்டுமுயற்சி வகுத்த பொது விதிகளின்படி எழுதப்படுவதால், எந்த டெஸ்க்டாப்பும் இந்தக் கோப்புகளைப் படித்துத் தன் மெனுவைக் கட்டிக்கொள்ளலாம். க்னோம் 3 அவற்றைச் சின்னங்களாகப் பரப்பிக் காட்டியது. வகைப்பிரித்த தகவல் அப்போதும் கோப்புகளுக்குள் அப்படியே இருந்தது. அதை மறுபடி மெனுவாக விரிக்க ஒருவர் முன்வந்தால் போதும் என்ற நிலை.

பலர் முன்வந்தார்கள். லினக்ஸ் கருநிரலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2011-இல் க்னோம் 3-ஐக் குறைகூறி எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்கு மாறினார் (பிறகு க்னோமுக்கே திரும்பினார்). அதே ஆண்டு அர்ஜென்டினாவைச் சேர்ந்த நிரலர் ஒருவர் க்னோம் 2-இன் மூலநிரலை எடுத்து மாத்தே என்ற பெயரில் தனியே வளர்க்கத் தொடங்கினார். தென் அமெரிக்கர்கள் பானமாகக் குடிக்கும் மூலிகை இலையின் பெயர் அது. புதிய க்னோமும் மாத்தேயும் ஒரே கணினியில் மோதிக்கொள்ளாமல் இருக்க, உள்ளிருந்த கருவிகளுக்கெல்லாம் பெயர் மாற்றினார்கள். கோப்பு மேலாளர் நாட்டிலஸ் காஹா ஆனது. ஜிஎடிட் ப்ளூமா ஆனது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-இல் மறுபடி சேர்ந்து, 2007-இல் திரும்பவும் தனி மாவட்டமான அரியலூரில் இதை விளக்கத் தேவையில்லை. பிரிவினை நிலைக்க வேண்டுமானால் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனிப் பெயர்ப்பலகை எழுத வேண்டும். அதோடும் வேலை முடிவதில்லை. க்னோம் 2 நம்பியிருந்த பழைய நிரல் நூலகத்தை விட்டு மாத்தே முழுமையாக வெளியேற 2017 வரை ஆனது. பழையதைப் பழையதாகவே வைத்திருக்க அத்தனை ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது.

லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் குழு வேறு வழியில் போனது. க்னோம் 3-இன் அடித்தளத்தை வைத்துக்கொண்டு, கீழே பட்டையும் இடது மூலையில் மெனுவும் கொண்ட சின்னமன் சூழலை உருவாக்கியது. க்னோம் திட்டமும் கடைசியில் இறங்கிவந்தது. 2013 மார்ச்சில் வந்த க்னோம் 3.8-இல் 'க்னோம் கிளாசிக்' என்ற அமர்வு சேர்ந்தது. அப்ளிகேஷன்ஸ், பிளேசஸ் இரண்டும் திரையின் மூலைக்குத் திரும்பின. 2014-இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 அந்த அமர்வையே இயல்பிருப்பாக வைத்தது. காசு கொடுத்து வாங்கும் அலுவலகங்களுக்காக உருவாகும் இயங்குதளம் அது; பழைய மெனுவை யார் கேட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

செய்முறை கடினமானதல்ல. க்னோம் உள்ள டெபியனிலும் உபுண்டுவிலும் 'க்னோம் ஷெல் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற தொகுப்பை நிறுவினால் கிளாசிக் அமர்வு கிடைக்கும். உள்நுழையும் திரையில் பயனர் பெயரைத் தேர்ந்த பிறகு, கடவுச்சொல்லைத் தட்டும் முன், பற்சக்கரச் சின்னத்தைச் சொடுக்கி அந்த அமர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருமுறை தேர்ந்தால் அடுத்த முறையும் அதுவே வரும். முழு அமர்வும் வேண்டாம், மெனு மட்டும் போதும் என்பவர் அதே தொகுப்பிலுள்ள 'அப்ளிகேஷன்ஸ் மெனு' நீட்சியை மட்டும் இயக்கிக்கொள்ளலாம். கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பில் மெனுச் சின்னத்தின்மேல் வலச்சொடுக்கு செய்து 'ஷோ ஆல்டர்நேட்டிவ்ஸ்' என்பதைத் திறந்தால், அடுக்கடுக்காக விரியும் பழைய பாணி மெனு அங்கே இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ-யில் பட்டையில் புதிய உருப்படி சேர்க்கும் இடத்திலேயே அது கிடைக்கும்.

மென்பொருள்களுக்குள் இருக்கும் மெனுக்களுக்கும் இதே கதைதான். ஃபயர்ஃபாக்ஸில் ஃபைல், எடிட் வரிசை மறைந்திருக்கும். ஆல்ட் விசையைத் தட்டினால் எட்டிப்பார்க்கும். தாவல் பட்டையில் வலச்சொடுக்கு செய்து 'மெனு பார்' என்பதைக் குறியிட்டால் நிலைத்து நிற்கும். லிப்ரே ஆபிஸ் தாவல் பாணி முகத்தையும் தருகிறது. ஆனாலும் பழைய மெனு வரிசையை இயல்பிருப்பாகத் தந்துவந்திருக்கிறது. யாராவது மாற்றியிருந்தால் 'வியூ' மெனுவில் 'யூசர் இன்டர்ஃபேஸ்' என்ற இடத்தில் திருப்பிக்கொள்ளலாம்.

பள்ளி ஆய்வகத்துக்கு எது ஏற்றது என்று கேட்டால், மாத்தேயோ எக்ஸ்எஃப்சிஇ-யோ என்பதே சரியான விடை. குறைந்த நினைவகமுள்ள பழைய மடிக்கணினிகளிலும் இவை தடுமாறாமல் ஓடும். இயங்குதளமோ பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் புதிய பதிப்பாகவே இருக்கும். மாத்தேயில் ஒரு வசதி கூடுதல்: பட்டையைப் பூட்டி வைக்கலாம். ஒரு மாணவர் விளையாட்டாக மெனுவை இழுத்து நீக்கிவிட, அடுத்த வகுப்பு திகைத்து நிற்கும் நிலை அப்போது வராது. மெனுவில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று திருத்த மாத்தேயில் மோஸோ என்ற கருவியும், க்னோமில் அலகார்ட்டே என்ற கருவியும் உண்டு.

கவனிக்க வேண்டிய ஒன்று மிச்சம். திரையை வரைந்து காட்டும் பழைய அடித்தளமான எக்ஸ்11-ஐ விட்டு வேலேண்டுக்கு லினக்ஸ் உலகம் மாறிவருகிறது. 2025-இல் வந்த க்னோம் 49, எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்துவிட்டது. க்னோம் கிளாசிக் வேலேண்டிலும் ஓடும். மாத்தேயின் முழு அமர்வு இன்னும் பெரும்பாலும் எக்ஸ்11-ஐச் சார்ந்தே இருக்கிறது. எனவே ஆய்வகக் கணினிகளைப் புதிய பதிப்புக்கு மாற்றப்போகும் ஆசிரியர்கள், முதலில் ஒரே ஒரு கணினியில் நிறுவி, தங்கள் மெனு அதில் வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றில் கை வைக்க வேண்டும்.