கோவேறு கழுதைகளின் பாதையிலே...

குருப்பட்டம் பெற்ற புதிதில் நமக்கு வாய்த்த ஒரே வாகனம் மிதிவண்டிதான். திருப்பலிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஞாயிறுதோறும் மூன்று கிளைக் கிராமங்களுக்குச் சென்று வந்தோம். பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது, மிதிவண்டி மறந்தது, வயிறு வளர்ந்தது. ஐம்பதைத் தாண்டியபின் முழங்கால் வலியும் சர்க்கரையும் ஒருங்கே வந்து சேர, “சைக்கிள் மிதியுங்கள், சாமி” என்றார் மருத்துவர். இந்த வயதிலா என்று சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

அந்தச் சிரிப்பை அடக்கிய பாதை ஒன்று கடல் கடந்து இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலப் பங்கு ஒன்றில் ஒன்றரை மாதம் உதவிப் பணி செய்யச் சென்றிருந்தோம். அவ்வாலயத்துக் கோயிற்பிள்ளைக்கு வயது எழுபது. தபால்காரராய் இருந்து ஓய்வு பெற்றவர். நமது முழங்கால் கதையைக் கேட்ட அவர், “ஃபாதர், ஏற்றமே இல்லாத வழி ஒன்று இருக்கிறது, வருகிறீர்களா?” என்றார். ஒரு செப்டம்பர் மாதத் திங்கட்கிழமை, இரவல் மிதிவண்டியோடு புறப்பட்டோம்.

வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில் தொடங்கி, பொட்டோமாக் நதியை ஒட்டியே கம்பர்லாந்து என்னும் ஊர்வரை 184.5 மைல், அதாவது ஏறத்தாழ 297 கிலோமீட்டர் நீள்கிறது செசபீக்–ஓஹியோ கால்வாய். இன்று அதில் படகுப் போக்குவரத்து இல்லை. பல இடங்களில் தண்ணீரும் இல்லை; கால்வாயின் வயிற்றிலேயே மரங்கள் ஓங்கி நிற்கின்றன. ஆனால் அதன் கரைப்பாதை மட்டும் முழு நீளத்திற்கும் காக்கப்பட்டு, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் விடப்பட்டுள்ளது.

இப்பாதை சமதளமாய் இருப்பதன் காரணத்தை அறிதல் வேண்டும். படகுகளைக் கயிறு கட்டி இழுத்தவை கோவேறு கழுதைகள். அவை நடப்பதற்கென்று நீர்மட்டத்தோடு ஒட்டி அமைத்த வழி இது. தண்ணீர் மேடேறாது, எனவே பாதையும் மேடேறாது. இரு கோடிகளுக்கும் இடையே உள்ள 605 அடி உயர வேறுபாட்டை 74 மதகுத் தொட்டிகளிலே பகிர்ந்து வைத்தார்கள். படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை அடைத்து நீரை நிரப்பினால் படகு எட்டடி உயரும். முன்கதவைத் திறந்தால் மேல்மட்டத்தில் பயணம் தொடரும். மிதிவண்டிக்காரனுக்கோ, தொட்டி ஒன்றிற்கு ஒரு சிறு சரிவு. பத்து மிதியில் அது முடிந்துவிடும். அதன் பின் மீண்டும் சமதளம்தான். முழங்காலுக்கு இதைவிட இரக்கமுள்ள வழியை நாம் கண்டதில்லை.

மொனாக்கசி ஆற்றின்மேல் கால்வாயைத் தாங்கிச் செல்லும் கற்பாலத்தருகே தொடங்கினோம். ஏழு வளைவுகளும் 516 அடி நீளமும் உடைய பாலம். 1829-இல் தொடங்கி 1833-இல் முடித்தார்கள். ஆற்றின்மேல் ஆறு போல் தண்ணீரும் படகும் சென்ற இடம்! அதன்மேல் மிதிவண்டியை உருட்டித்தான் செல்ல வேண்டும் என்பது விதி. மணி இல்லாத மிதிவண்டிக்கும் அங்கே இடமில்லை. நடந்து செல்வோரைக் கடக்குமுன் மணியடிக்க வேண்டும். நாமோ பழைய பழக்கத்தில் வேண்டுமளவிற்கு மேலேயே அடித்தோம்.

அதன்பின் காடு. வெண்பட்டை உரியும் சிக்கமோர் மரங்களும் மேப்பிள் மரங்களும் பந்தலிட்டிருக்க, அவற்றின் நிழலில் அகன்ற இலைகளோடு ஒரு சிறுமரம் அடர்ந்து வளர்ந்திருந்தது. கோயிற்பிள்ளை இறங்கி, பச்சை நிறப் பழம் ஒன்றைப் பொறுக்கிப் பிட்டுக் கொடுத்தார். குழைந்த மஞ்சள் சதை, கருங்கொட்டைகள், வாழைப்பழத்தையும் சீதாப்பழத்தையும் ஒருசேர நினைவூட்டும் சுவை. ‘பாபா’ என்பது அதன் பெயர். நம் சீதாவின் குடும்பத்தைச் சேர்ந்ததே அது. பனி உறையும் நாட்டில் இப்படியொரு உறவினரைச் சந்திப்போம் என்று எண்ணவேயில்லை.

ஒரு மதகுத் தொட்டியின் அருகில் அமர்ந்து ரொட்டி உண்டபோது, படகுக் குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கம்பர்லாந்திலிருந்து ஒரு படகு 100 டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றி வரும். படகோட்டியின் மனைவி அதிலேயே சமைத்து, துவைத்து, சுக்கானும் பிடிப்பாள். பிள்ளைகள் கழுதைகளோடு நாள் முழுவதும் நடப்பார்கள். தவழும் குழந்தை தண்ணீரில் விழாதிருக்க, படகின் மேல்தளத்தில் கயிற்றால் பிணைத்து வைப்பார்களாம். நாம் இன்பமாய் மிதித்து வந்த அதே வழியில் பத்து வயதுச் சிறுவன் கால் கடுக்க நடந்திருப்பான் என்று எண்ணியபோது ரொட்டி இறங்கவில்லை.

பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் என்னுமிடத்தில் மலையும் நதியும் நெருங்கிவிடுகின்றன. இடைப்பட்ட குறுகிய நிலத்திற்காகக் கால்வாய்க் குழுமமும் இரயில் குழுமமும் வழக்காடின. இரண்டும் பிறந்தது ஒரே நாளில்: 1828 ஜூலை 4. அன்று கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டியவர் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். மண்வெட்டி வேரில் முட்டிக்கொள்ள, மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு வெட்டினாராம். பால்டிமோரில் இரயில் பாதைக்கு முதற்கல் நாட்டியவரோ, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவருள் ஒரே கத்தோலிக்கரான சார்லஸ் கரோல். அப்போது அவருக்கு வயது 90. 1832-இல் வழக்கில் வென்றது கால்வாய். ஓட்டத்தில் வென்றது இரயில். 1842-இலேயே இரயில் கம்பர்லாந்தை எட்டிவிட்டது. கால்வாய் எட்டியது 1850-இல். ஓஹியோ நதியை அது என்றுமே காணவில்லை.

இதனை வெட்டியவர்கள் யார்? பெரும்பாலும் வறுமை துரத்தக் கடல் கடந்த ஐரிஷ் மக்கள், நம் விசுவாசத்தினர். 1832-இல் இப்பகுதியில் காலரா புகுந்து அவர்களில் பலரை வாரிச் சென்றது. எங்கே புதைத்தார்கள் என்று சொல்லப் பெயர்க் கல்லும் பலருக்கு இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 1834 ஜனவரியில், மேற்கே வில்லியம்ஸ்போர்ட் அருகில், கார்க் வட்டாரத்தாரும் லாங்போர்ட் வட்டாரத்தாரும் ஒருவரையொருவர் கொன்றனர். வேலைக்கும் கூலிக்கும் வந்த சண்டை ஊர்ப் பகையாய் மூண்டது. குடியரசுத் தலைவர் ஜாக்சன் படை அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரே நாடு, ஒரே செபமாலை, ஒரே பசி. எனினும் ‘எந்த ஊரான்?’ என்ற கேள்வியே மேலோங்கிற்று. படிப்பவர்களுக்கு இது புதுக்கதையாய்த் தோன்றாது என்றே எண்ணுகிறோம்.

1924-ஆம் ஆண்டு வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. 1938-இல் அரசு கால்வாயை விலைக்கு வாங்கியது. பின்னர் இதன்மீது மோட்டார்ச் சாலை போடத் திட்டமிட்டு, வாஷிங்டன் போஸ்ட் இதழும் 1954 ஜனவரியில் அதனை ஆதரித்து எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அவ்விதழுக்கு மறுப்புக் கடிதம் விடுத்தார்: எழுதியவர் தம்மோடு முழுப் பாதையையும் நடந்து பார்க்கட்டும் என்று! மார்ச் மாதக் குளிரில் கம்பர்லாந்திலிருந்து எட்டு நாள் நடந்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் புறப்பட்டு, முழுத் தொலைவையும் கால்நடையாய் முடித்தவர் ஒன்பது பேரே; நீதிபதி அவருள் ஒருவர். இதழ் தன் கருத்தை மாற்றிக்கொண்டது, சாலை வரவில்லை, 1971-இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. அந்நடையின்போது டக்ளஸ் அவர்களுக்கு வயது 55. இதைக் கேட்டபின் முழங்காலைப் பற்றி நாம் முனகவில்லை.

மாலை நான்கு மணிக்கு, 30 கிலோமீட்டர் முடிந்து, ஹார்ப்பர்ஸ் பெர்ரிக்கு எதிர்க்கரை வந்தோம். அன்றைய ஒரே கடினம் அங்கேதான். நதியைக் கடக்கும் பாலத்திற்கு இரும்புப் படிக்கட்டு; மிதிவண்டியைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். எழுபது வயதுக்காரர் ஏறிவிட்டார். நாம் பாதிப் படியில் மூச்சு வாங்கி நிற்க, யாரென்றே தெரியாத ஓர் இளம்பெண் நமது பின்சக்கரத்தைத் தாங்கி மேலேற்றிவிட்டுப் போனாள்.

அவ்வூரின் குன்றின்மேல் நிற்கிறது புனித பேதுரு ஆலயம். கால்வாய் இவ்வூரை எட்டிய 1833-இல் எழுந்தது. உள்நாட்டுப் போரின்போது ஊர் மாறி மாறிக் கைமாறிய நாளில், பங்குக்குரு கோஸ்டெல்லோ ஆலயத்தின்மேல் பிரித்தானியக் கொடியை ஏற்றி வைத்தார் என்பர். இருதரப்பாரும் அதன்மீது குண்டு எறியத் தயங்கினர், ஆலயம் தப்பியது. ஐரிஷ்காரர் ஒருவர் பிரித்தானியக் கொடியை ஏற்ற எவ்வளவு விழுங்கியிருப்பார் என்று சொல்லிச் சிரித்தார் கோயிற்பிள்ளை. பெயரில்லாக் கல்லறைகளில் உறங்குவோருக்காக அங்கே ஒரு பத்துமணி செபமாலை சொன்னோம்.

அந்நாட்டில் பிள்ளைகளோடு வாழும் நம் பெற்றோர் சிலர் பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதாய் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல். இப்பாதையின் பெரும்பகுதிக்குக் கட்டணமே கிடையாது. அகன்ற டயர் கொண்ட சாதாரண மிதிவண்டி போதும்; மழைக்கு மறுநாள் மட்டும் சேறு வழுக்கும். முழுத் தொலைவும் போவோருக்கு வழிநெடுகக் கூடாரமடிக்கும் இடங்களும், குளிர்காலம் தவிர்த்த மாதங்களில் கைப்பம்புத் தண்ணீரும் உண்டு. கம்பர்லாந்திலிருந்து பழைய இரயில் தடம் ஒன்று இன்னும் 150 மைல் பிட்ஸ்பர்க் வரை அழைத்துச் செல்கிறது. முதல் நாளில் பத்து கிலோமீட்டர் போதும்.

மறுநாள் அதே வழியில் திரும்பினோம். முழங்கால் வலிக்கவில்லை, இருக்கைதான் வலித்தது. நாடு திரும்பியபின் பங்கு இல்லத்துப் பின்கட்டில் கிடந்த நமது பழைய மிதிவண்டியைக் கடைக்கு அனுப்பினோம். இரண்டு டயரும் டியூபும், செயினும் மாற்ற வேண்டும் என்று ஆள் சொல்லியனுப்பினார் கடைக்காரர். மாற்றச் சொல்லிவிட்டோம்; மணியையும் சேர்த்து.