பிரேக் மெத்தென்று இறங்குகிறதா?



கட்டிங் பீஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பல்லடத்துக்கும் ஊத்துக்குளிக்கும் போய் வருகிற பழைய பிக்கப் வண்டி நம் குழுக்கள் சிலவற்றுக்குச் சொந்தமாக இருக்கிறது. கடன் தவணை எத்தனை பாக்கி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லிவிடுவோம். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் டிரைவர் தம்பியின் முகத்தைப் பார்ப்போம்.

எங்கள் குழு வண்டியில் அப்படித்தான் நடந்தது. "ரெண்டு மிதி சேர்த்து மிதிச்சா பிடிச்சுக்குதுங்கக்கா" என்றார் தம்பி. நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். ஒரு வாரம் கழித்து, காயாத துணி ரோல் ஏற்றி வரும்போது ஒரு இறக்கத்தில் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வேலி ஓரமாகச் சாய்த்து நிறுத்தினார். முன் சீட்டில் இருந்த எங்கள் உறுப்பினருக்கு நெற்றியில் வீக்கத்தோடு போயிற்று.

காரணம் பிரேக் குழாய்க்குள் புகுந்திருந்த காற்று. ஊசி இல்லாத ஒரு புது சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, நுனியை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. காற்றை மட்டும் அடைத்து அழுத்துங்கள், மெத்தென்று உள்ளே போகும். பிரேக்கும் இதுதான். நாம் மிதிக்கிற பலத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரத்துக்கும் கொண்டு போவது குழாயில் நிற்கிற ஆயில். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் நம் மிதி அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ரெண்டாவது மிதியில் பிடிப்பது பிரேக் சரியாக இருப்பதற்கு அடையாளம் இல்லை.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் சூடானால்தான் கொதிக்கும். ஈரம் ஏறிப்போனால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் போகும் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. பாரத்தோடு அதில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பழைய ஆயில் உள்ளேயே கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலத்தான் நசுங்கும். அதனால்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்றச் சொல்கிறார்கள்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஆயில் டப்பியை மேல் கோடு வரை நிரப்புங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வருவார்கள். வண்டிப் புத்தகத்தில் வேறு வரிசை இருந்தால் அதுதான் சரி.

சக்கரத்தின் பின்புறம் உள்ள நிப்பிளில் கண்ணாடி மாதிரியான ஒரு டியூபை மாட்டி, மறுநுனி கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முங்கி இருக்கும்படி வையுங்கள். மேலே இருப்பவர் நிதானமாக நாலு தடவை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். குமிழியோடு ஆயில் வரும், பெடல் கீழே இறங்கும். நிப்பிளை மூடி "மூடியாச்சு" என்று குரல் வந்த பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், செய்த வேலை வீண். அவசரக்காரரைப் பெடலில் உட்கார வைக்காதீர்கள்! குமிழி நிற்கும் வரை இப்படியே செய்யுங்கள். நடுநடுவே டப்பியைப் பாருங்கள், அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

துருப்பிடித்த நிப்பிளை முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்துவிடும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டை அரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக்கூடாது. எஞ்சின் ஆயிலை ஊற்றவே கூடாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வண்டியில் யாரோ அப்படிச் செய்ததில் ரப்பர் எல்லாம் உப்பி, எல்லாச் சக்கரத்து ரப்பரையும் மாற்ற வேண்டி வந்தது.

முடித்ததும் எஞ்சினை ஓட விடாமல் பெடலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கல் மாதிரி நின்றால் நல்லது. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கிறது. அது மெக்கானிக் வேலை, வண்டியை எடுக்காதீர்கள். பெடல் கெட்டியாகவே இருந்து, ஆனால் ரொம்பக் கீழே போய்ப் பிடித்தால் பின் சக்கர டிரம்மில் ஷூ தேய்ந்திருக்கலாம், அதற்கு அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். எஞ்சினைப் போட்டதும் பெடல் கொஞ்சம் இறங்குவது பூஸ்டரால், அதற்குப் பயம் வேண்டாம்.

பிறகு பாரம் இல்லாமல், காலி மைதானத்தில் நடக்கிற வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். ஆயில் மாற்றிய தேதியைத் தவணை எழுதுகிற அதே நோட்டில் எழுதி வையுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் எழுதுகிறோம்.